டவர் தின்னும் கரண்ட்: 4ஜி, 5ஜி பற்றிச் செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் 5ஜி வந்ததிலிருந்து டவரைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கரண்ட் இழுக்கும், டேட்டா இப்படியே கூடிக்கொண்டு போனால் தாங்குமா, வீட்டின் நடுவே இருக்கும் வளவுக்குள் போனால் ஏன் போன் சார்ஜ் இறங்குகிறது என்று பல விதம். அடிக்கடி காதில் விழுந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்குப் போட்ட இடங்களில் கணக்கையும் காட்டியிருக்கிறேன். எண்ணை மாற்றிப் போட்டு உங்கள் ஊர் டவருக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

5ஜி கரண்டை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். 5ஜி டவர்தான் அதிகம் இழுக்கிறது என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. ஒருவர் ஜிபிக்கு எவ்வளவு என்று பார்க்கிறார், மற்றவர் மீட்டரில் எவ்வளவு ஓடியது என்று பார்க்கிறார்.

கல்யாண வீட்டில் கோட்டை அடுப்பு மூட்டுகிறோம். பத்து இலைக்குச் சமைத்தாலும் அடுப்பு சூடேற விறகு வேண்டும், ஐந்நூறு இலைக்கும் வேண்டும். ஐந்நூறுக்குக் கொஞ்சம் கூட எரியும், அவ்வளவுதான். இலைக்கு எவ்வளவு விறகு என்று வகுத்தால் பெரிய பந்தி சிக்கனமாகத் தெரியும். மொத்த விறகு குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

நெட்வொர்க் சாதனம் செய்யும் நோக்கியாவும் ஸ்பெயினின் டெலிகாம் கம்பெனி டெலிஃபோனிகாவும் 2020-ல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டன. ஒரே அளவு டேட்டாவைக் கொண்டுசேர்க்க 4ஜியை விட 5ஜிக்கு 90 சதவீதம் வரை குறைவான மின்சாரம் போதும் என்றது அது. 5ஜி பற்றிய விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் எண் இதுதான். எண் பொய்யல்ல. ஆனால் ‘ஒரே அளவு டேட்டாவுக்கு’, ‘வரை’ என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டுப் படித்தால் ஏமாந்துபோவோம்.

ஒரு மாதிரிக் கணக்கு. 4ஜியும் 5ஜியும் உள்ள ஒரு டவர் சராசரியாக 2.5 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 60 யூனிட். காரைக்குடி செக்காலை ரோடு மாதிரி இடத்தில் அது ஒரு நாளில் 1,000 ஜிபி சுமந்தால் ஜிபிக்கு 0.06 யூனிட் ஆகிறது. அதே சாதனம் ஆளில்லாத ஊரில் நின்று 50 ஜிபி சுமந்தால் ஜிபிக்கு 1.2 யூனிட். டவரும் அதேதான், தொழில்நுட்பமும் அதேதான், கணக்கில் 20 மடங்கு வித்தியாசம். புது நெட்வொர்க் சிக்கனமா என்பதற்கு ஊரைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

டேட்டா உண்மையிலேயே அவ்வளவு கூடிவிட்டதா?

மத்திய அரசு கொடுத்த புள்ளிவிவரப்படி, 2014 மார்ச்சில் இந்தியாவில் ஒரு டேட்டா வாடிக்கையாளர் மாதத்துக்குச் சராசரியாகச் செலவழித்தது 62 எம்பி. 2023 டிசம்பரில் அது 18 ஜிபியைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ 300 மடங்கு. ஸ்மார்ட்போன்களை மட்டும் எடுத்து, நெட்வொர்க் சாதனம் செய்யும் எரிக்சன் கம்பெனி போடும் கணக்கில் 2024-ல் மாதத்துக்கு 32 ஜிபி. உலகத்திலேயே மிக அதிகமாக டேட்டா பயன்படுத்தும் நாடுகளில் நாமும் இருக்கிறோம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும், 2022 அக்டோபர் 1-ல் 5ஜி தொடங்கியதும், அன்லிமிடெட் பேக்கும்தான் காரணம். மின்சாரமும் 300 மடங்கு ஏறியிருந்தால் டெலிகாம் கம்பெனிகள் எப்போதோ கடையைச் சாத்தியிருக்கும். அவர்களின் நடத்தும் செலவில் 20 முதல் 40 சதவீதம் ஏற்கெனவே மின்சாரத்துக்கும் டீசலுக்கும்தான் போகிறது என்கிறது உலக மொபைல் கம்பெனிகளின் சங்கமான ஜிஎஸ்எம்ஏ. சிக்கனத்தில் அவர்கள் காட்டும் அக்கறைக்குப் பூமியைக் காப்பது இரண்டாவது காரணம்.

கரண்டை எது அதிகம் இழுக்கிறது? சர்வர்தானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு மொபைல் கம்பெனி செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் ரேடியோ பகுதிக்கு, அதாவது ஊருக்கு ஊர் நிற்கும் டவர்களுக்கே போகிறது என்கிறது ஜிஎஸ்எம்ஏ ஆய்வு. சுவிட்சிங் வேலை செய்யும் மையப் பகுதிக்கு 13, அவர்களுடைய டேட்டா சென்டருக்கு 9 சதவீதம்.

டவருக்குள் பார்த்தால் பெரும்பங்கு பவர் ஆம்ப்ளிஃபையருக்கு. சிக்னலை வானத்தில் வீசும் அளவுக்குப் பெருக்குவது அது. டவர் மேலே இருக்கும் ஒரு பெரிய 5ஜி ரேடியோ பெட்டி முழு வேகத்தில் ஓடும்போது 1,000 வாட் அளவுக்கு எடுக்கும், அதில் அதிகபட்சம் 200 வாட் போலத்தான் ரேடியோ அலையாக வெளியே போகும். மீதியெல்லாம் சூடு. முன்பு சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டார்கள், இப்போது காலியம் நைட்ரைடுக்கு மாறுகிறார்கள். சூடாக வீணாவது குறைகிறது.

அடுத்தது ஏசி. பழைய டவர்களின் கீழே ஒரு தகர அறை இருக்கும், ஷெல்டர் என்பார்கள். அதற்குள் சாதனமும் பேட்டரியும், அவற்றைக் குளிர்விக்க இரண்டு ஏசியும். சித்திரை வெயிலில் அந்த ஏசியே டவர் கரண்டில் கால் பங்கு வரை தின்றுவிடும். புதிதாக வரும் டவர்களில் ஷெல்டரே இல்லை. வெளியே ஒரு இரும்புக் கேபினெட், ஒரு ஃபேன். ரேடியோ பெட்டிகளைக் காற்றுப்பட மேலே ஏற்றிவிட்டார்கள். தலைமுறை மாற்றத்தில் சத்தமில்லாமல் கிடைத்த பெரிய மிச்சம் இது என்பது என் எண்ணம். ‘5ஜி’ என்ற பெயர் இல்லாததால் யாரும் இதைப் பேசுவதில்லை.

கீழே நின்று பார்த்து எது 4ஜி, எது 5ஜி என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில் ஒல்லியாக, வெள்ளையாக நிற்கும் பலகை பழைய ஆன்டெனா. அதற்குள் பெரிதாக மின்னணு எதுவும் கிடையாது. அதன் பின்னால் அல்லது கீழே கறுப்பு கேபிளோடு தொங்கும் சிறு பெட்டிகள்தான் 2ஜி, 4ஜி ரேடியோ. இவற்றுக்கு நடுவே உயரம் குறைவாக, அகலமாக, கனத்த ஒரு பெட்டி இருந்து, முதுகில் மோட்டார் சைக்கிள் என்ஜின் போல வரிவரியாக அலுமினியத் தகடுகள் தெரிந்தால் அது 5ஜி. ஆன்டெனா, ரேடியோ இரண்டும் ஒரே பெட்டிக்குள். அந்தத் தகடுகள் சூட்டைக் காற்றில் விடுவதற்கு. ஒரு கம்பெனிக்கு வழக்கமாக மூன்று திசைக்கு மூன்று பெட்டி இருக்கும்.

எங்கள் ஊரில் பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள். டவர் யாருக்காக 24 மணி நேரமும் ஓடுகிறது?

செட்டிநாட்டுக்காரர் ஒருவர்தான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். டெலிகாம் பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதே கேள்வியில்தான்.

சாதாரண நாளில் ஊரில் இருப்பவர்கள் வயதானவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கடைக்காரர்கள். படைப்பு, கும்பாபிஷேகம், கல்யாணம் என்று வந்தால் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எல்லாத் திசையிலிருந்தும் பங்காளிகள் வந்து இறங்குவார்கள். ஒரே நாளில் வீடியோ கால், லைவ், போட்டோ என்று டவர் திணறும். மூன்றாம் நாள் கார்கள் கிளம்பிவிடும். அந்த மூன்று நாள் கூட்டத்துக்கு ஏற்ற சாதனம் மீதி நாளெல்லாம் சும்மா நிற்கிறது.

சும்மா நிற்பதற்கும் கரண்ட் ஏன்? 4ஜியை வடிவமைத்தபோது, போன்கள் அலைவரிசையை அளந்துகொள்வதற்காக டவர் ஓர் அடையாள சிக்னலை இடைவிடாமல் அனுப்ப வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒவ்வொரு மில்லி செகண்டிலும் பல முறை அது போகும். கேட்க ஒரு போனும் இல்லாத இரவு இரண்டு மணிக்கும் போகும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து வைக்க இடைவெளியே கிடைக்காது. யாரும் பயன்படுத்தாத 4ஜி டவர்கூட, முழு சுமையில் எடுப்பதில் பாதிக்குக் குறையாமல் இழுத்துக்கொண்டிருக்கக் காரணம் இது.

5ஜி விதிகளை எழுதியவர்கள் இதைத் திருத்தினார்கள். ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று டவர் சொல்லும் சிக்னல் வழக்கமாக 20 மில்லி செகண்டுக்கு ஒரு முறை போனால் போதும், தேவைப்பட்டால் 160 மில்லி செகண்ட் வரை தள்ளிவைக்கலாம். நடுவில் பேச ஆளில்லையென்றால் ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கலாம். அதுவும் படிப்படியாக:

மிகச் சிறிய தூக்கத்தில், ஒரு மில்லி செகண்டை 28 துண்டாக வெட்டி, டேட்டா இல்லாத துண்டுகளில் மட்டும் அணைப்பார்கள். போனுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த படியில் 64 சிறு டிரான்ஸ்மிட்டர் உள்ள பெட்டியில் 32 அல்லது 16-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நிறுத்துவார்கள். வேகம் குறையும், சிக்னல் இருக்கும். அதற்கும் மேலே, ஒரு அலைவரிசையையே மூடிவிட்டு இன்னொன்றில் ஊரை ஓட்டுவது. கடைசிப் படி ஆழ்ந்த தூக்கம். பெட்டிக்குள் கிட்டத்தட்ட எல்லாமே அணைந்து, எழுப்பினால் எழுவதற்கான சிறு பகுதி மட்டும் விழித்திருக்கும். எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறதோ அவ்வளவு தாமதமாக எழும். எப்போது எந்த அளவுக்குத் தூங்கவிடுவது என்பதை இப்போது மென்பொருள் முடிவுசெய்கிறது. இந்த டவரில் திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு வழக்கமாக எவ்வளவு டேட்டா ஓடும் என்று பழைய கணக்கைப் பார்த்து முன்கூட்டியே எழுப்பும்.

உலகத் தர விதிகளை வகுக்கும் 3ஜிபிபி 2024-ல் முடித்த 18-வது பதிப்பில், நெட்வொர்க் பக்கத்து மின் சிக்கனத்துக்கென்றே தனி வேலைத் திட்டம் ஒன்று இருந்தது. நம் ஊர் மாதிரி இடங்களுக்கு வேகத்தைவிட இந்த வசதிதான் முக்கியம். ஆனால் வசதி பெட்டிக்குள் இருப்பதும், கம்பெனி அதை இயக்கி வைப்பதும் வேறு வேறு. வேகம் குறைந்ததாகப் புகார் வந்துவிடுமோ என்று அணைத்து வைப்பதும் நடக்கிறது.

இரவில் 5ஜியை மொத்தமாக அணைத்துவிட்டால் என்ன?

சீனாவில் செய்து பார்த்தார்கள். 2020-ல் லுவோயாங் நகரில் சைனா யூனிகாம் இரவு 9 முதல் காலை 9 வரை 5ஜி டவர்களைத் தூங்க வைத்ததாகச் செய்தி வந்தது. கீழே 4ஜி ஓடிக்கொண்டிருந்தால் பேச்சுக்கும் அவசர அழைப்புக்கும் பாதிப்பில்லை. பூட்டிய வீடுகள் நிறைந்த ஊரில் இதை இரவு மட்டுமல்ல, பகலிலும் செய்யலாம். டவரே போய்விடக் கூடாது, அவ்வளவுதான். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நடு இரவில் 108-க்கு அடிக்க ஒரு கோடு சிக்னல் எப்போதும் வேண்டும்.

ஆச்சி இன்னும் பட்டன் போன்தான் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு போனுக்காக 2ஜி ஓடுவது வீண்தானே?

ஆச்சி ஒருவருக்காக ஓடவில்லை. நாடு முழுக்கக் கோடிக்கணக்கான பேர் 2ஜியில் இருக்கிறார்கள். பல கார்டு மெஷின்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனாலும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே டவரில் 2ஜி, 4ஜி, 5ஜி மூன்றும் ஓடினால் மூன்றுக்கும் அடிப்படைச் செலவு உண்டு. புதியதைச் சேர்த்தால் மட்டும் மின்சாரம் குறையாது, பழையதை நிறுத்தினால்தான் குறையும். புது நெட்வொர்க் விளம்பரங்களில் யாரும் சொல்லாத பாதி இது.

3ஜியில் அது நடந்தது. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை நிறுத்திவிட்டு அலைவரிசையை 4ஜிக்கு மாற்றிக்கொண்டது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டுமே எப்போதும் இருந்ததில்லை. ஆச்சிக்கு 4ஜியில் பேசும் பட்டன் போன்கள் கடையில் கிடைக்கின்றன. கையில் இருப்பது கெட்டுப்போகும்போது அதை வாங்கிக் கொடுங்கள், இப்போதே பிடுங்க வேண்டாம்.

எல்லா கம்பெனி 5ஜியும் ஒன்றுதானா?

இல்லை. தனித்து இயங்கும் 5ஜி ஒரு வகை, 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் 5ஜி மற்றொரு வகை. ஜியோ முதல் வகையில் தொடங்கியது, ஏர்டெல் இரண்டாவதில் தொடங்கியது. இரண்டாவதில் 5ஜி போன் 4ஜியையும் கூடவே பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் டவரில் 4ஜியைத் தூங்கவிட முடியாது, போனிலும் இரண்டு ரேடியோ ஓடும். மின் சிக்கனம் என்று பார்த்தால் தனித்த 5ஜிதான் முறையானது. தொடக்கத்தில் விரைவாக ஊரைச் சுற்றி வளைக்க இரண்டாவது வசதியாக இருந்தது.

 

வளவுக்குள் போனால் சார்ஜ் ஏன் இவ்வளவு வேகமாக இறங்குகிறது?

சுவர்தான் காரணம். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கனத்த சுவர். வெயிலைத் தடுக்கக் கட்டியது சிக்னலையும் தடுக்கிறது. நம் நாட்டில் 5ஜி அதிகம் ஓடுவது 3.3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். அலைவரிசை உயர உயர, சுவரைத் துளைக்கும் சக்தி குறையும். 700, 900 மெகாஹெர்ட்ஸ் உள்ளே நன்றாக வரும், ஆனால் அதில் அகலம் குறைவு, அதனால் வேகமும் குறைவு.

முகப்பில் முழு 5ஜி காட்டும் போன் இரண்டாங்கட்டில் ஒரு கோட்டோடு தொங்கும். அப்போது டவருக்குக் கேட்க வேண்டுமே என்று போன் தன் சக்தியைக் கூட்டி அனுப்பும். நடுவில் 5ஜி, 4ஜி என்று மாறி மாறித் தாவும். இரண்டும் பேட்டரியை உறிஞ்சும்.

இதில் டவருக்கும் செலவு உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். சிக்னல் சரியில்லாத போனுக்கு அதே வீடியோவைக் கொடுக்க, டவர் மெதுவாக, மெதுவாக, விட்டுப்போனதை மறுபடி மறுபடி அனுப்ப வேண்டும். வெட்டவெளியில் நிற்பவருக்கு ஒரு நொடியில் முடியும் வேலை உள்ளே இருப்பவருக்குப் பல நொடி எடுக்கும். அவ்வளவு நேரமும் ஆம்ப்ளிஃபையர் ஓடும்.

வழி எளிது. வீட்டில் ஃபைபர் இருந்தால் வளவில் ஒரு வைஃபை பெட்டியும், பின்கட்டில் இன்னொன்றும் வையுங்கள். போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்துவிடுங்கள். ஃபைபர் இல்லையென்றால், உள்ளே இருக்கும்போது நெட்வொர்க் அமைப்பை 4ஜிக்கு மாற்றி வைத்தால் தாவல் நின்றுவிடும், சார்ஜும் தாங்கும்.

ஃபைபரா, ஏர்ஃபைபரா? கரண்டைப் பார்த்தால் எது நல்லது?

ஃபைபர். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரைக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் சாதனம் எதுவும் இல்லாமல், கண்ணாடி இழையிலேயே வெளிச்சம் வந்து சேரும். ஏர்ஃபைபர் 5ஜி டவரிலிருந்து வருகிறது. ஜியோ அதை 2023 செப்டம்பரில் தொடங்கியது. டிவி, லேப்டாப், நான்கு போன் என்று ஒரு வீடே டவரில் ஏறி உட்காரும்போது, ஒரு போன் இழுப்பதைப் போலப் பல மடங்கு டேட்டா ஓடும். ஆனால் கோட்டையூரைத் தாண்டி உள்ளே போனால் ஃபைபர் இழுக்க ஆள் வராத தெருக்கள் உண்டு. அங்கே ஏர்ஃபைபர் போட்டதில் தப்பில்லை. சும்மா நிற்கும் 5ஜிக்கு வேலையாவது கிடைத்தது.

ஈபி ஷட்டவுன் அன்று முன்பெல்லாம் சிக்னல் சாயங்காலம் வரை நிற்கும். இப்போது மதியமே போய்விடுகிறதே?

டவர் சாதனம் ஓடுவது 48 வோல்ட் டிசி மின்சாரத்தில். வருகிற ஈபி கரண்டை மாற்றி, சாதனத்துக்குக் கொடுத்தபடியே பேட்டரியையும் சார்ஜ் செய்வார்கள். பழைய டவரில் பேட்டரி என்றால் 2 வோல்ட் ஈய-அமில செல் 24, அடுக்கடுக்காக.

600 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் ஏட்டில் 29 யூனிட், நடைமுறையில் எடுக்கக்கூடியது 23 என்று வைத்துக்கொள்ளலாம். 2 கிலோவாட் சுமைக்கு 11 மணி நேரம் வரும். அதே பேட்டரியை மாற்றாமல் 5ஜியும் ஏற்றி 4.5 கிலோவாட் ஆக்கினால் 5 மணி நேரம். காலை 9 மணிக்கு லைன் போனால் மதியம் 2 மணிக்குக் கதை முடிந்தது. ஜெனரேட்டர் இருக்கும் டவர் தப்பிக்கும். பல டவர்களில் கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் 5ஜியை மட்டும் தானாக வெட்டிவிட்டு, இருக்கும் பேட்டரியை 4ஜிக்கு ஒதுக்கும் ஏற்பாடு உண்டு. ஷட்டவுன் அன்று போனில் 5ஜி மறைந்து 4ஜி காட்டினால் காரணம் அதுவாக இருக்கலாம்.

சூடும் ஒரு வில்லன். ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிதான் பிடிக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. நம் ஊர்ச் சித்திரை, வைகாசியை நினைத்துப் பாருங்கள். லித்தியம் பேட்டரி வெயிலைக் கூடுதலாகத் தாங்கும், வேகமாக சார்ஜ் ஏறும், ஏசி கேட்காது. புதிய டவர்களில் அதைத்தான் வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் நமக்குப் பெருமைப்பட ஓர் இடம் உண்டு. காரைக்குடி சிக்ரி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம். ஈய-அமிலத்திலிருந்து லித்தியம் வரை பேட்டரி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது.

இவ்வளவு வெயில் அடிக்கிறது. டவரை சோலாரில் ஓட்டினால் என்ன?

ஓரளவுக்கு முடியும். நாளுக்கு 60 யூனிட் வேண்டும் என்றால், நம் பக்கம் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 முதல் 5 யூனிட் கொடுக்கும் என்ற கணக்கில், 12 முதல் 15 கிலோவாட் பேனல் வேண்டும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்றால் 1,200 முதல் 1,500 சதுர அடி, நிழல் விழாத இடம். ஊருக்கு வெளியே பொட்டலில் இருக்கும் டவருக்கு இடம் கிடைக்கும். காரைக்குடிக்குள் கிடைக்காது. இரவுக்குப் பேட்டரியும் இரண்டு மடங்கு வேண்டும்.

அதனால்தான் கலப்பு முறை. 2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. கிராமத்து டவர்களில் 50 சதவீதம் 2015-க்குள்ளும், 75 சதவீதம் 2020-க்குள்ளும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் ஈபி கரண்டும் கலந்து ஓட வேண்டும் என்றது. டீசலைக் குறைப்பதுதான் நோக்கம். நிலைமையை அதிகம் மாற்றியது உத்தரவைவிடக் கிராமங்களுக்கு ஈபி கரண்ட் ஒழுங்காக வர ஆரம்பித்ததும், பேட்டரி நன்றானதும்தான் என்று எனக்குப் படுகிறது. 3 கிலோவாட் பேனல் வைத்துப் பகல் சுமையில் ஒரு பங்கைத் தூக்கினாலே போதும். ஆனால் முதலில் டவரைத் தூங்கப் பழக்கிவிட்டு அப்புறம் பேனல் கணக்குப் போட வேண்டும். 60 யூனிட் 40 ஆனால் பேனலும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

நான் ரீல்ஸ் பார்ப்பதைக் குறைத்தால் டவர் கரண்ட் குறையுமா?

அந்த நேரத்தில் மிகக் கொஞ்சம்தான் குறையும். டவர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் ஒரு வீடியோ அதில் பெரிய சுமையல்ல. ஒரு மணி நேர வீடியோவுக்குப் போன், டிவி, நெட்வொர்க், டேட்டா சென்டர் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 0.08 யூனிட் போல ஆகும் என்று சர்வதேச எரிசக்தி முகமையின் ஆய்வாளர் 2020-ல் கணக்கிட்டார். அதில் பெரும்பங்கு நாம் பார்க்கும் திரைக்கே போகிறது. ஒரு சீலிங் ஃபேன் ஒரு மணி நேரம் சுற்றும் கரண்ட்.

ஆனால் உச்ச நேரம் வேறு விஷயம். இரவு எட்டு முதல் பத்து வரை எல்லோரும் சேர்ந்து இழுக்கும்போது டவர் திணறினால், கம்பெனி இன்னொரு பெட்டியை ஏற்றும். அது அன்று முதல் 24 மணி நேரமும் இழுக்கும். குற்ற உணர்ச்சி தேவையில்லை. பெரிய படத்தை வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பது, போனின் சின்னத் திரையில் 4கே கேட்காமல் இருப்பது, இவ்வளவு போதும். தானாக ஓடும் வீடியோவை நிறுத்திவிட்டுத் தூங்கப் போவது உங்களுக்கும் நல்லது.

உலக அளவில் இது எவ்வளவு?

2022-ல் டேட்டா கடத்தும் நெட்வொர்க்குகள் எல்லாம் சேர்ந்து 260 முதல் 360 டெராவாட்-அவர், உலக மின்சாரத்தில் 1 முதல் 1.5 சதவீதம் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு. மொபைல் மட்டுமல்ல, ஃபைபரும் இதில் சேர்ந்தது.

6ஜி வந்தால் சரியாகுமா?

ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2023-ல் வகுத்த 6ஜி வரையறையில் மின் சிக்கனமும் ஒரு குறிக்கோளாக இருக்கிறது. நம் அரசும் அதே ஆண்டு மார்ச்சில் பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டது. ஏட்டில் எல்லாத் தலைமுறையும் முந்தையதைவிடச் சிக்கனம்தான். நான்காவதாக ஒரு அடுக்கு டவரில் ஏறும்போது கீழே எதை இறக்குவார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டு இடத்தில் டவர் வைக்கக் கேட்கிறார்கள். கரண்ட் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

டவருக்குத் தனி ஈபி இணைப்பு, தனி மீட்டர் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உங்கள் வீட்டு லைனிலிருந்து ஒரு நாள்கூட எடுக்க விடாதீர்கள். இன்று ஒரு கம்பெனி வரும், பிறகு அதே டவரில் இரண்டாவது, மூன்றாவது கம்பெனி ஏறும், 5ஜி ஏறும், மின்சுமை கூடும். அதற்கு வாடகை உயருமா, ஜெனரேட்டர் வைத்தால் எங்கே வைப்பார்கள், புகையும் சத்தமும் எந்தப் பக்கம் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பழைய சுண்ணாம்பு மொட்டைமாடியில் டவர் ஏற்றவே சம்மதிக்காதீர்கள். அந்தக் கட்டடம் அந்தப் பாரத்துக்குக் கட்டியதல்ல. பின்பக்கக் காலி மனை இருந்தால் பேசலாம்.

போனில் அழைத்து ‘உங்கள் இடம் டவருக்குத் தேர்வாகியிருக்கிறது, முன்பணம் கட்டுங்கள், ட்ராய் அனுமதிக் கடிதம் தருகிறோம்’ என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் பெயரைச் சொன்னால் அது மோசடி. டவர் வைக்க ட்ராய் அனுமதிக் கடிதம் கொடுப்பதே இல்லை. இட உரிமையாளர் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அழைப்பு உண்மையானதாகவே இருந்தாலும், பொது வீடு என்றால் பங்காளிகள் எல்லோர் கையெழுத்தும் வாங்கிய பிறகே பேச்சைத் தொடங்குங்கள். மலேசியாவில் இருப்பவர் கையெழுத்து வர மூன்று மாதம் ஆகும் என்பதை டவர்காரரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.